நூறு நாள் பச்சை

"நான் மாத்திரையை முழுங்கினா என்ன, துப்பினா என்ன? உங்க வயிறா எரியுது?"

"எரியறது என் வயிறு இல்லம்மா, பலகை. நாலாம் மாடி, பி வீடு. செக்கச்செவேல்னு எரியுது பாரு. அறுபத்திரண்டு நாளு பச்சையா இருந்ததை ஒரே காலையில கவுத்துட்டு வந்து நிக்கிற."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை விரதம்ணே. சாப்பிடாம சுகர் மாத்திரை போடக்கூடாதுன்னு சிஸ்டர்தான் சொல்லியிருக்காங்க. கேளுங்க, இந்தா நிக்கிறாங்கள்ல."

படிக்கட்டில் நின்ற கூட்டம் மொத்தமும் ஜான்சியின் பக்கம் திரும்பியது. ஆறாம் பிளாக்கில் யார் வீட்டுச் சண்டையும் தனியாக நடப்பதில்லை. பால் பாக்கெட் எடுக்க வந்தவர்கள் பாக்கெட் வியர்க்கும்வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

ஜான்சி அந்த பிளாக்கின் நர்ஸ். வயது ஐம்பத்தைந்து. எட்டு மாடி, நாற்பத்து மூன்று நோயாளிகள், இரண்டு தேய்ந்த முழங்கால்கள், இரண்டு வருடமாகச் செத்துக்கிடக்கும் ஒரு லிஃப்ட். இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். கைப்பையைக்கூட இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை.

"நான்தான் சொன்னேன்" என்றாள். "வெறும் வயித்துல அந்த மாத்திரை போட்டா சர்க்கரை தரைக்கு இறங்கிடும் சார். ஆள் விழுந்துரும்."

"விழுந்தா தூக்கி நிறுத்தலாம் சிஸ்டர். லிஃப்ட் கைவிட்டுப் போனா யாரு தூக்கி நிறுத்துறது?"

இப்படிக் கேட்டவர் தினேஷ்பாபு. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், ஆறாம் பிளாக்கின் தலைவர். யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. வேண்டாமென்று சொல்லலாம் என்று நினைப்பதற்குள் லெட்டர்பேடு அடித்துவிட்டார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. குடியிருப்பு முழுவதற்கும் விதி ஒன்றுதான். எந்த பிளாக்கில் ஒரு நோயாளிகூட விடுபடாமல் நூறு நாள் தொடர்ந்து மாத்திரை முழுங்குகிறார்களோ, அந்த பிளாக்குக்கு முதலில் புது லிஃப்ட். ஒரு வீட்டு விளக்கு ஒரு நாள் சிவந்தாலும் கணக்கு பூஜ்யத்துக்கு வந்துவிடும். அதற்காகவே தரைத்தளத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஆளுக்கொரு விளக்கோடு அந்தப் பலகை: முழுங்கினால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு. யார் வீட்டில் யாருக்கு என்ன வியாதி என்று கண்டுபிடிக்க ஊர்வாய்க்கு முன்பெல்லாம் ஒரு மாதமாவது பிடிக்கும். பலகை வந்த பிறகு அந்தச் சிரமமும் இல்லை.

"நர்ஸ் சொல்லித்தான் போடலைன்னு ஒரு மஞ்ச விளக்கு போடச் சொல்லுங்களேன்" என்றாள் ஷர்மிளா. நாலாம் மாடி பி வீட்டுக்காரி அவள்தான். கணவர் போன பிறகு தையல் மெஷினை மிதித்தே மகளைப் படிக்க வைத்தவள். மகள் வெண்பாவுக்கு நல்ல இடம் அமைந்தால் கல்யாணம் முடியும்வரை வெள்ளிக்கிழமை விரதம் இருப்பதாக வேண்டிக்கொண்டிருந்தாள்; இடமும் அமைந்துவிட்டது, இது முதல் வெள்ளி.

"மஞ்சள் கிடையாது ஷர்மி. மாவட்ட ஆபீஸுக்கு எழுதிக் கேட்டுப் பாத்துட்டேன். முழுங்கினார், முழுங்கவில்லை. அவங்களுக்கு ரெண்டே ரெண்டுதான்."

தினேஷ்பாபு தாடையைத் தடவினார். "அது சரி சிஸ்டர், நம்ம முழுங்கினோம்னு அந்த மாத்திரைக்கு எப்படித் தெரியுது?"

ஜான்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. யாராவது மருந்தைப் பற்றிக் கேள்வி கேட்டால், வீடே பற்றி எரிந்தாலும் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

"உள்ளுக்குள்ள கடுகுல கால்வாசி ஒரு சில்லு இருக்கு சார். வயித்துப் புளிப்பு பட்டதும் அது முழிச்சுக்கும். முழிச்சு, வந்துட்டேன்னு ஒரு குரல் குடுக்கும். கையில ஒட்டியிருக்கிற பிளாஸ்திரி அதைக் கேட்டு மேல சொல்லும். உடம்புச் சூடும் கொஞ்சம் ஈரமும் இருந்தாத்தான் பிளாஸ்திரிக்குக் காது கேக்கும். மாத்திரை போட்ட அரை மணி நேரம் ஒட்டியிருந்தாப் போதும். எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க."

அது அவளுடைய முறை. சொல்லிக்கொடுத்ததை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொன்னால்தான் புரிந்தது என்று ஒப்புக்கொள்வாள். முப்பது வருடப் பழக்கம்.

"புளிப்பு" என்றார் தினேஷ்பாபு, மெல்ல. "அப்புறம் சூடு. கொஞ்சம் ஈரம்."

"அவ்வளவுதான்" என்று திருப்தியோடு சொல்லிவிட்டு ஜான்சி படியேறினாள். அன்றைக்கு அவளிடம் அவ்வளவு நன்றாகப் பாடம் கேட்டவர் வேறு யாருமில்லை.

மறுநாளிலிருந்து பலகை பச்சையாக எரிந்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. வாரக்கணக்கில், வெள்ளிக்கிழமைகள் உட்பட. ஷர்மிளாவிடம் கேட்டால், "சாமிகிட்ட மன்னிப்பு கேட்டுட்டு ரெண்டு இட்லி சாப்பிட்டுக்கிறேன்க்கா" என்பாள். சொல்லும்போது ஊசியில் நூல் கோப்பாள். நூல் கோப்பவள் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை அல்லவா.

ஜான்சி தினமும் அவள் வீட்டில்தான் சுற்றைத் தொடங்குவது. மூன்று இட்லி, மிளகாய்ப்பொடி. நர்ஸுக்கும் ரத்தக்கொதிப்பு உண்டு; அவளுக்கும் பலகையில் ஒரு விளக்கு உண்டு, நாற்பத்து நாலாவது. பிளாஸ்திரி வெயிலுக்கு அரிக்கிறதென்று அதையும் தன் மாத்திரை டப்பாவையும் ஷர்மிளா வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே வைத்திருந்தாள். இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, அரை மணி நேரம் ஷர்மிளாவின் நோய்க்கதையையும் அண்டைவீட்டுக் கதையையும் கேட்டுவிட்டு எழுந்திருப்பாள். அதற்குள் எட்டாம் மாடியிலிருந்து யாராவது கூப்பிட்டுவிட்டால் பாதி இட்லியிலேயே ஓடுவாள்.

அப்படி ஓடின ஒரு காலையில் ஐந்தாம் மாடித் திருப்பத்தில் தலை விண்ணென்று தெறித்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு மாத்திரை போட்டோமா? நினைவில்லை. கைபேசியை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்து நாலு பச்சையாக இருந்தது. சரி, போட்டிருக்கிறோம். வயசாகிறது, அவ்வளவுதான். மிச்சப் படிகளை ஏறினாள்.

அவள் வேலை பார்க்கத் தொடங்கிய காலத்தில் 'மாத்திரை போட்டீங்களா' என்று எந்த நர்ஸும் கேட்க மாட்டாள். கேட்டால் எல்லோரும் போட்டேன் என்றுதான் சொல்வார்கள். ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள், செருப்பு மாட்டும்போது பாதம் உறைக்கிறதா, எழுந்து நிற்கும்போது கிறுகிறுக்கிறதா என்று சுற்றிவளைத்துக் கேட்பாள். மருந்து வேலை செய்கிறதா, அதிகமாக வேலை செய்கிறதா என்பது அந்தப் பதில்களில் இருக்கும். இப்போதும் ஜான்சி கேட்டாள். ஆனால் பதிலை எழுதத்தான் எங்கேயும் கட்டம் இல்லை. மாதம் ஒரு முறை விரல் குத்திச் சர்க்கரையும், கையில் பட்டி கட்டிக் கொதிப்பும் பார்த்து மேலே அனுப்ப வேண்டும். மேலே என்பது ஒரு கணினி. அது பார்த்து மருந்தின் அளவை ஏற்றும், இறக்கும்.

முதல் மாதம் ஷர்மிளாவின் சர்க்கரை இருநூற்று அறுபது. இரண்டாம் மாதம் முந்நூறைத் தாண்டியது. அவள் மட்டுமில்லை, பிளாக்கில் பத்துப் பதினைந்து பேர் அப்படி.

ஜான்சி மாவட்ட அலுவலகத்துக்குப் பேசினாள். எடுத்தது ஒரு சின்னப் பையனின் குரல்.

"பச்சை இருக்கே சிஸ்டர்."

"பச்சை இருக்குப்பா. சர்க்கரையும் இருக்கே. ராத்திரி நாலு தடவை எந்திரிக்கிறா அவ. எங்கேயோ தப்பு நடக்குது."

"மாத்திரை ஒழுங்கா முழுங்குறாங்க, சர்க்கரை குறையலைன்னா மருந்து பத்தலைன்னு அர்த்தம். அதான் மேலே டோஸை ஏத்திருச்சு. அடுத்த மாசமும் குறையலைன்னா இன்னும் ஏத்தும்."

"ஏத்துனது ஷர்மிளாவுக்குத் தெரியணும்ல. மாத்திரை பார்க்க அதே மாத்திரையாத்தானே வருது. அதே வெள்ளை, அதே பொட்டலம்."

"குழம்பக்கூடாதுன்னுதான் சிஸ்டர் அப்படிப் பண்ணியிருக்காய்ங்க" என்றான் அந்தப் பையன், பெருமையாக.

மூன்றாம் மாதமும் ஏற்றியது. வெள்ளை மாத்திரைக்குள் இப்போது பழைய மாத்திரை மூன்று இருந்தது. ஜான்சி ஷர்மிளாவிடம் சொன்னாள். ஷர்மிளா "சரிக்கா" என்றாள். கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்த மும்முரம்.

கல்யாணம் திருப்பரங்குன்றத்தில், ஒரு சிறிய மண்டபத்தில். பச்சைக்குத் தொண்ணூற்றேழாம் நாள். முகூர்த்தம் காலை ஏழரைக்குள். ஜான்சி ஒரு பட்டுச்சேலையில், கைப்பையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கைப்பை இல்லாமல் அவள் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை. பலர் அதைப் பற்றிப் பேசிச் சிரித்ததும் உண்டு.

பெண்ணின் தாய் மணவறைக்குப் பக்கத்தில் நின்று மாப்பிள்ளையின் சித்தியோடு ஏதோ தர்க்கம் பண்ணிக்கொண்டிருந்தாள். குரல் உயர்ந்தது. தாம்பூலத் தட்டை யார் நகர்த்தினார்கள் என்று கேட்டதையே நாலாவது முறையாகக் கேட்டாள். பிறகு சிரித்தாள். பிறகு உடம்பு நடுங்கத் தொடங்கியது. நெற்றியிலிருந்து வேர்வை ஊற்றியது.

"கொலதெய்வம் வந்திருச்சு" என்றது ஒரு கிழவர் குரல். சட்டென்று வழி விட்டார்கள். ஒருத்தி விபூதியை அள்ளி நெற்றியில் பூசினாள். இன்னொருத்தி, "தாயே, பொண்ணுக்கு வாக்குச் சொல்லு" என்று கைகூப்பினாள். நாதஸ்வரக்காரர்கூட விஷயம் புரிந்து தாளத்தைக் கூட்டினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே பெருமை, சாமி வந்து நடத்திவைக்கும் கல்யாணமென்று.

ஜான்சி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"தள்ளுங்க."

"சாமி வந்திருக்கப்ப தொடக்கூடாதும்மா."

"சாமிகிட்ட நான் பேசிக்கிறேன். நீங்க அந்தப் பன்னீர் சோடாவை எடுங்க."

ஷர்மிளாவின் விரலைக் குத்திப் பார்த்தாள். முப்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் கல்யாண மண்டபம் வேறு காரியத்துக்குப் போயிருக்கும். தோளில் சாய்த்துக்கொண்டு, முழுங்குகிறாளா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து, சோடாவை வாய் வாயாகப் புகட்டினாள். ஒரு புட்டி. கால் மணி நேரத்தில் மறுபடி குத்திப் பார்த்து இன்னும் அரைப் புட்டி. கெட்டிமேளம் ஒலித்து, வெண்பாவின் கழுத்தில் தாலி ஏறியபோது, அவளுடைய அம்மா நெற்றி நிறைய விபூதியோடு தூணில் சாய்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தாள்.

கண் தெளிந்ததும் ஜான்சி கேட்டாள்.

"முகூர்த்தம் முடியற வரைக்கும் சாப்பிட மாட்டேன்னியே. மாத்திரையை ஏன்டி போட்ட?"

"இன்னும் மூணு நாளுதானேக்கா. தினேஷ் அண்ணே விடியக்காலையிலேயே போன் பண்ணிட்டாரு. பானையைத்தான் மண்டபத்துக்குத் தூக்கிட்டு வர முடியாதே, இன்னைக்கு ஒரு நாள் நீயே முழுங்கிருன்னு."

"என்ன பானை?"

ஷர்மிளா தூணைப் பார்த்தாள். கோத்துக்கொள்ளக் கையில் நூல் இல்லை.

"இத்தனை நாளா பானைதான்க்கா முழுங்குச்சு. முதல்ல விரத நாளுக்கு மட்டும்னுதான் ஆரம்பிச்சோம். மாத்திரை போட்டா எனக்குக் கிறுகிறுன்னு வரும்ல, தைக்க முடியாது. சரி, எல்லா நாளும் அதுவே முழுங்கட்டும்னு விட்டுட்டேன்."

ஜான்சி கணக்கைக் கூட்டிப் பார்த்தாள். பச்சை எரிந்தும் குறையாத சர்க்கரை, குறையாததால் ஏறிக்கொண்டே போன மருந்து, பானைக்குள் பத்திரமாகக் கரைந்த மூன்று மடங்கு பலம். அதை இன்றைக்கு ஒரு நாள், வெறும் வயிற்றில், நிஜமாகவே முழுங்கியிருக்கிறாள்.

"மாத்திரை சும்மா கெடக்கல ஷர்மி. நீ போடாதது எல்லாம் சேர்ந்து இன்னைக்கு ஒரே நாள்ல வந்துச்சு. இன்னும் எத்தனை பேரு?"

"எனக்குத் தெரியாதுக்கா. பானை பெரிசு."

மறுவீடு அனுப்பும் சடங்கெல்லாம் முடிந்து, மத்தியானம் மூன்று மணிக்கு ஜான்சி தினேஷ்பாபு வீட்டுக்குப் போனாள். இன்னும் உடம்பு தேறாத ஷர்மிளாவும் வேண்டாமென்று சொல்லச் சொல்லப் பின்னாலேயே வந்தாள். அவர் மறைக்கவில்லை. உள்ளபடியே அதைக் காட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தவர் மாதிரிதான் கதவைத் திறந்தார்.

சமையலறை மூலையில் முக்காலி. அதன்மேல் ஒரு மண்பானை. அடியில் கோழிக்குஞ்சுக்குச் சூடு காட்டும் பல்பு. உள்ளே புளிக்கரைசல், ஒரு பிடி உப்பு. பானையின் வெளிப்புறம் வியர்வை மாதிரி ஈரம் கசிந்து மினுங்கியது. அந்த ஈரத்தில் வரிசையாக, அம்மைத் தழும்புபோல, பிளாஸ்திரிகள்.

"சில்வர்ல பண்ணிப் பாத்தேன் சிஸ்டர், எடுபடல. மண்பானைதான் மனுசத்தோல் மாதிரி வேர்க்குது. நீங்க அன்னைக்குச் சொன்னீங்கள்ல. புளிப்பு, சூடு, ஈரம்."

"நான்தான் சொன்னேன்" என்றாள் ஜான்சி. அந்த வாக்கியத்தைச் சொல்வதே அவளுக்கு இந்தக் கதையில் வேலையாகிவிட்டது.

எண்ணினாள். பதினாறு. ஒவ்வொன்றிலும் பால்பாயிண்ட் பேனாவால் வீட்டு எண் எழுதியிருந்தது. மின்வாரியத்துக் கை, மீட்டர் எழுதிய சுத்தம். கடைசியாக ஒட்டியிருந்ததில் எண் இல்லை. 'சிஸ்டர்' என்று இருந்தது.

அதைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"திட்டாதீங்கக்கா" என்றாள் ஷர்மிளா, வாசற்படியிலிருந்து. "நீங்க பாட்டுக்கு மாத்திரையை மறந்துட்டு மேல ஓடிருவீங்க. பின்னாலயே கூப்பிட்டுப் பார்ப்பேன். கேக்காது. ஊருக்கே சொல்லிக் குடுக்குற நர்ஸு விளக்கு சிவப்பா எரிஞ்சா உங்களுக்குத்தானே அசிங்கம். அதான் அண்ணன்கிட்ட குடுத்து விட்டேன்."

"எத்தனை நாளு?"

"நீங்க போட்ட நாளை எண்ணுறது சுலபம்க்கா."

ஜான்சி முக்காலிக்குப் பக்கத்திலேயே சம்மணமிட்டு, கைப்பையிலிருந்த கொதிப்பு பார்க்கும் கருவியைத் தன் கையில் கட்டிக்கொண்டாள். நூற்றுத் தொண்ணூற்றாறு. மறுபடி கட்டினாள். அதேதான். மூன்று மாதத் தலைவலி, ஐந்தாம் மாடித் திருப்பம், எப்போதாவது ஞாபகம் வந்து போட்ட நாட்களில் கண் இருண்டுகொண்டு வந்தது, மாதாமாதம் மேலே அனுப்பிய தன் கொதிப்பு எண்கள், எல்லாவற்றையும் வயசு என்று நினைத்திருந்தாள். தன் உடம்பு சொன்னதைவிட்டு அந்த விளக்கைக் கேட்டிருக்கிறாள். நோயாளி இப்படிச் செய்திருந்தால் என்ன பேச்சுப் பேசியிருப்பாள்.

"சிஸ்டர்" தினேஷ்பாபு குரலைத் தாழ்த்தினார். "இன்னும் மூணே நாளு. லிஃப்ட் வந்துரும். அப்புறம் பானையை உடைச்சுருவோம், எல்லாரும் ஒழுங்கா முழுங்குவோம். உங்க முட்டிக்கும்தானே நல்லது."

"ஒழுங்கா முழுங்கினா செத்துருவாங்க சார். பதினாறு பேருக்கும் மூணு மடங்கு ஏறிக் கெடக்கு. அதை இறக்கணும்னா பச்சை பொய்யின்னு மேலே சொல்லணும். வேற வழி இல்ல."

"நீங்களா கொஞ்சம் குறைச்சுக் குடுத்தா?"

"பொட்டலத்தை நானா பண்றேன்?"

அவர் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். எட்டாம் மாடி வீட்டின் அந்த அறையில் அவருடைய மனைவி. பக்கவாதம் வந்த பிறகு இரண்டு வருடமாகக் கீழே இறங்காதவள். உள்ளறையிலிருந்து அவள் யாரு வந்திருக்கா என்று குழறிக் கேட்டாள். அவருக்கு லிஃப்ட் எதற்கு என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. ஊரெல்லாம் தெரிந்தவர்களுக்கும் சில கதவுகள் தெரிவதில்லை.

ஜான்சி கைபேசியை எடுத்து, பச்சை பொய் என்று மாவட்ட அலுவலகத்துக்குச் சொல்லும் படிவத்தைத் திறந்தாள். அது காரணம் கேட்டது. இரண்டு கட்டங்கள்: நோயாளியின் தவறு, செவிலியரின் தவறு. இங்கேயும் மஞ்சள் கிடையாது. நோயாளி என்று போட்டால் பதினாறு பேருக்கும் ஆறு மாதம் மருந்து நிற்கும். அவள் மற்றதை அழுத்தினாள். பிறகு பிளாஸ்திரிகளை ஒவ்வொன்றாக உரித்துத் துடைத்து அடுக்கினாள். கீழே இறங்கும்போது பலகையில் பூஜ்யம்.

ஆறாம் பிளாக் அவளோடு பேசுவதை நிறுத்தியது. பால் பாக்கெட் எடுக்க வந்தவர்கள் பாக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு வாரத்தில் பதினாறு பேருக்கும் அளவு இறங்கியது. இரண்டு வாரத்தில் ஜான்சிக்கு வேலை போனது.

வெண்பா புருஷனோடு சிவகங்கைக்குப் போய்விட்டாள். கல்யாணத்தில் சாமி வந்த பெண் என்று புகுந்த வீட்டில் ஒரு மரியாதை இன்னும் நடக்கிறது, அவளும் திருத்தவில்லை. தினேஷ்பாபு மனைவியை நாலு பேர் நாற்காலியோடு தூக்கி இறக்க, ஓசூரில் மகன் வீட்டுத் தரைத்தளத்துக்குக் குடிபெயர்ந்தார். பானையைக் கொண்டுபோகவில்லை. அடுத்த நாலாவது மாதம் மூன்றாம் பிளாக் நூறு நாள் பச்சை காட்டி லிஃப்ட் வாங்கியது. திறப்பு விழாவில் அங்கே பரிமாறிய புளியோதரை பிரமாதம் என்கிறார்கள்.

நர்ஸ் குவார்ட்டர்ஸைக் காலி செய்த ஜான்சி, வெண்பா விட்டுப்போன அறைக்குக் குடிவந்தாள். தினமும் காலை எட்டு மணிக்கு இட்லி. பிறகு ஷர்மிளா மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவாள். ஜான்சி பார்ப்பாள். அடுத்து ஜான்சி காட்டுவாள், ஷர்மிளா பார்ப்பாள். ராத்திரி எத்தனை தடவை எந்திரிச்ச, தலை சுத்துச்சா, கால் உறைக்குதா என்று ஒருத்தியை ஒருத்தி விசாரித்துக்கொள்வார்கள். ஷர்மிளாவுக்குச் சர்க்கரை நூற்று நாற்பதில் நிற்கிறது. பிளாஸ்திரியை இருவரும் ஒட்டுவதில்லை.

கீழே, பலகையில், ஆறாம் பிளாக்கில் தினமும் இரண்டே இரண்டு சிவப்பு விளக்குகள் எரிகின்றன. இரண்டும் நாலாம் மாடி பி வீடு.